ஸ்பானர் யார் கையில்?

2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஆப்கானிஸ்தான் விமானப்படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களில் 77 சதவீதம் பறக்கத் தயாராக இருந்தன. ஜூனில் அது 39 சதவீதமாகச் சரிந்தது. அந்த ஒரு மாதத்தில் தாலிபான்கள் அத்தனை ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்திவிடவில்லை. பெரும்பாலானவை விமானத்தளங்களில் முழுசாகத்தான் நின்றன. அவற்றைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒப்பந்த மெக்கானிக்குகள் மூட்டை கட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சதவீதங்களை வெளியிட்டது, ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புச் செலவுகளைக் கண்காணித்த அமெரிக்கச் சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகம், சுருக்கமாக 'சிகார்'. அளவுக்கு மீறிப் பறக்கவிட்டதும் ஒரு காரணம் என்று அதே அறிக்கை சொன்னது: எல்லா வகை விமானங்களும் பராமரிப்புக்கு விதித்த இடைவெளியைக் குறைந்தது 25 சதவீதம் தாண்டிப் பறந்துகொண்டிருந்தன. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2021 ஜனவரியில், ஒப்பந்ததாரர்கள் விலகினால் ஆப்கான் விமானப்படையின் எந்த ரகமும் சில மாதங்களுக்கு மேல் போரிடும் நிலையில் இருக்காது என்ற எச்சரிக்கையை சிகார் பதிவுசெய்திருந்தது. கணிப்பு மாதக் கணக்கில்கூடப் பிசகவில்லை.

இராணுவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் துருப்புகளை எண்ணுவார்கள், டாங்கிகளை எண்ணுவார்கள், விமானங்களை எண்ணுவார்கள். சீருடை அணியாமல், பதவிப் பட்டையில்லாமல், ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு அந்த டாங்கிகளையும் விமானங்களையும் ஓடவைப்பவரை யாரும் எண்ணுவதில்லை. 'துணைச் சேவை' என்ற தலைப்பின் கீழ் அவர் மறைந்துபோகிறார். இன்றைய படைகளின் உண்மையான வலு எங்கே இருக்கிறது என்று பார்க்க விரும்பினால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். பழுதுபார்க்கும் அறிவை ஒரு படை கற்றுக்கொள்ளாமல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தால், தான் எப்போது போரிடலாம், எப்போது முடியாது என்ற தீர்மானத்தையே வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. இதற்கு மெக்கானிக்கைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் செய்யச் சொன்னதைச் செய்தார். என்ன செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியவர்களும், எழுதாமல் விட்டவர்களும்தான் விசாரணைக்குரியவர்கள்.

அவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஹெலிகாப்டரின் கியர் பாக்ஸில் காந்த முனையுள்ள சிறிய பிளக் ஒன்று திருகப்பட்டிருக்கும். எண்ணெயோடு சுற்றிவரும் இரும்புத் துகள்களை அது இழுத்துப் பிடிக்கும். துகள் சேர்ந்து மின்சுற்றை இணைத்துவிட்டால் பைலட்டுக்கு முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். தரையிறங்கியதும் மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, ஒட்டியிருப்பதைத் துணியில் வழித்து வெளிச்சத்தில் பார்ப்பார். மாவுபோல் மெல்லிய தூள் என்றால் வழக்கமான தேய்மானம், துடைத்து மாட்டிவிடலாம். செதில் செதிலாக, ஓரம் கூர்மையாக இருந்தால் உள்ளே பேரிங்கோ கியர்ப் பல்லோ உதிரத் தொடங்கிவிட்டது; அந்த ஹெலிகாப்டர் அன்று பறக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் கஷ்டம். கையேட்டில் அளவும் படமும் இருக்கும். என்றாலும் நூறு பிளக்குகளைக் கழற்றிப் பார்த்த கண்ணுக்குத் தெரிவது பத்துப் பார்த்த கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டை முறுக்கிய பிறகு அது அதிர்வில் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டுவதும் அப்படித்தான். கம்பி போல்ட்டை இறுகும் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகக் கட்டிவிட்டால் பார்வைக்குச் சரியாகவே தெரியும், பயன் இருக்காது. இதை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித்தான் இன்னொருவர் கற்கிறார். அந்தப் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் பெரும்பாலும் ஒப்பந்த மெக்கானிக்; முன்பு தானே படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவராகவும் இருப்பார்.

2021 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தப் பணியாளர்கள் ஏறத்தாழ 17,000 பேர் இருந்தார்கள். அப்போது அங்கிருந்த அமெரிக்கத் துருப்புகள் அதிகாரபூர்வக் கணக்கில் 2,500. ஒப்பந்தப் பணியாளர்களில் அமெரிக்கக் குடிமக்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுவார்கள். மீதிப்பேர் ஆப்கானியர்களும் பிற நாட்டவரும். எல்லாரும் மெக்கானிக்குகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்: சமையல், காவல், மொழிபெயர்ப்பு என்று பல வேலைகள் இருந்தன. என்றாலும் ஆப்கான் விமானப்படையைப் பொறுத்தவரை பெரிய பரிசோதனைகள், எஞ்சின் மாற்றம், உதிரிபாகங்களைத் தருவித்துக் கணக்கு வைப்பது ஆகியவற்றின் பெரும்பகுதி இவர்கள் கையில்தான் இருந்தது. அன்றாடம் எண்ணெய் பார்ப்பது, துடைப்பது, டயர் மாற்றுவது போன்றவற்றை ஆப்கானியர்கள் செய்தார்கள்; அதற்கு மேலே போகப் போக வெளியாளின் கை கூடிக்கொண்டே போனது.

அவர்கள் கிளம்பியது தற்செயலல்ல; ஓர் உடன்படிக்கையின் வாசகம் அவர்களை வெளியேற்றியது. இங்கே பழைய உடன்படிக்கை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1973 ஜனவரியில் வியட்நாம் போரை முடித்துவைக்கப் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, அமெரிக்கத் துருப்புகளோடு இராணுவ ஆலோசகர்களும் தொழில்நுட்பப் பணியிலிருந்த இராணுவத்தினரும் 60 நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்றது. படையினரைத்தான் சொன்னது, ஒப்பந்தத்தில் இருந்த குடிமக்களைச் சொல்லவில்லை. அந்த இடைவெளி வழியே ஆயிரக்கணக்கான அமெரிக்கக் குடிமக்கள் சைகோனிலிருந்த பாதுகாப்பு இணைப்பாளர் அலுவலகத்தின் குடையின் கீழ்ப் பணியைத் தொடர்ந்தார்கள். தென்வியட்நாம் விமானப்படையின் விமானங்களையும் எஞ்சின்களையும் பழுதுபார்த்தார்கள். சீருடை போனது, ஸ்பானர் அதே இடத்தில் இருந்தது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் நிதியுதவியைக் குறைத்தபோது, எரிபொருளும் உதிரிபாகங்களும் இல்லாமல் இருநூறுக்கும் மேற்பட்ட தென்வியட்நாம் விமானங்களை ஓரம்கட்டி மூடிவைக்க வேண்டியதாயிற்று. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபான்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்த இடைவெளியை முற்றாக அடைத்தது. துருப்புகளோடு, தூதரகப் பணி சாராத குடிமக்கள், தனியார் பாதுகாவலர்கள், பயிற்றுநர்கள், ஆலோசகர்கள், துணைச் சேவைப் பணியாளர்கள் எல்லாரும் 14 மாதங்களுக்குள் வெளியேற வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. ஆப்கான் அரசு அந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பே அல்ல. அதன் விமானப்படை இயங்குமா, இயங்காதா என்பது அதன் எதிரியும் அதன் புரவலரும் எழுதிய ஒரு வரியில் முடிவானது.

இந்தச் சார்பு எப்படி உருவானது என்பதை இரண்டு விமானங்களின் கதை சொல்லும். 2008இல் தொடங்கிய திட்டத்தில் இத்தாலியத் தயாரிப்பான ஜி-222 சரக்கு விமானங்கள் 20 ஆப்கானியர்களுக்காக வாங்கிப் புதுப்பிக்கப்பட்டன. செலவு 54.9 கோடி டாலர். உதிரிபாகம் கிடைக்கவில்லை, பராமரிப்பு ஓடவில்லை. காபூல் விமான நிலையத்தில் நின்றிருந்த 16 விமானங்கள் 2014இல் உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. கிடைத்தது சில பத்தாயிரம் டாலர்தான். இது ஊதாரித்தனத்துக்கு உதாரணமாக உலகமெங்கும் எழுதப்பட்டது. என் பார்வையில் இதைவிடப் பெரிய பாடம் அடுத்து நடந்ததில் இருக்கிறது. ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 ஹெலிகாப்டரை ஆப்கான் மெக்கானிக்குகள் சோவியத் காலத்திலிருந்தே அறிந்தவர்கள். அந்த ரகத்தின் பராமரிப்பில் பெரும்பகுதியை அவர்களே செய்யும் நிலைக்கு வந்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில்தான், ரஷ்யாவிடமிருந்து வாங்குவதற்கு அமெரிக்க நாடாளுமன்றத்தில் கிளம்பிய எதிர்ப்பையும் ரஷ்ய ஆயுத ஏற்றுமதி நிறுவனத்தின் மீதான தடைகளையும் ஒட்டி, எம்ஐ-17களை விலக்கி 159 பிளாக் ஹாக்குகளைக் கொண்டுவரத் திட்டம் போடப்பட்டது. 2017 செப்டம்பரில் முதல் ஹெலிகாப்டர்கள் கந்தஹார் வந்து சேர்ந்தன. வேறு எஞ்சின், வேறு கருவிகள், வேறு கையேடு, வேறு உதிரிபாகச் சங்கிலி. பல ஆண்டுகளாகச் சேர்த்த கைப்பழக்கம் ஒரு கொள்முதல் முடிவில் செல்லாக்காசாகி, பழுதுபார்ப்பு மறுபடியும் ஒப்பந்ததாரர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆப்கான் விமானப்படை சொந்தக் காலில் நிற்க 2030 வரையாவது ஆகும் என்று அமெரிக்கத் திட்டமிடலே ஒப்புக்கொண்டிருந்தது. வெளியேறும் தேதியோ 2021 ஆகஸ்டில் இருந்தது.

வெளியேற்றத்துக்குப் பிறகு தொலைவிலிருந்தே உதவலாம் என்ற ஏற்பாடு முயன்று பார்க்கப்பட்டது. ஆப்கான் மெக்கானிக் பழுதான பாகத்தைக் கைப்பேசிக் கேமராவுக்கு முன்னால் பிடிப்பார். வேறொரு நாட்டிலிருக்கும் ஒப்பந்ததாரர் திரையில் பார்த்து வழிசொல்வார். மேலே சொன்ன பிளக்கை நினைத்துப் பாருங்கள். துணியில் வழித்த துகள் தூளா, செதிலா என்பதை விட்டுவிட்டு வரும் வீடியோவில் கண்டு, மேலேறப்போகும் ஒரு குழுவின் உயிருக்கு உத்தரவாதம் கொடுக்கச் சொல்வது எவ்வளவு பெரிய சுமை! ஹெல்மண்ட் மாகாணத்தில் படை நடத்திய ஜெனரல் சமி சதாத், 2021 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதியபோது, ஜூலைக்குள் ஒப்பந்ததாரர்களில் பெரும்பாலோர் போய்விட்டதையும், நிறுவனங்கள் தங்களுக்குச் சொந்தமான மென்பொருளைக் கையோடு எடுத்துச்சென்றதையும், சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு ஒன்றே ஹெலிகாப்டரைத் தரையில் நிறுத்திவிட்டதையும் குறிப்பிட்டார். தோற்ற தளபதியின் சாக்கு என்று சிலர் இதைத் தள்ளினார்கள். பிறகு வந்த சிகாரின் ஆய்வுகளும் ஒப்பந்ததாரர் வெளியேற்றத்தைப் படை சரிந்ததற்கான காரணங்களில் ஒன்றாகவே கண்டன.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். ஆப்கான் படை விழுந்தது மெக்கானிக் இல்லாமலா? ஊழல், சம்பளம் வராத சிப்பாய்கள், காகிதத்தில் மட்டும் இருந்த துருப்புகள், காபூலின் அரசியல் சண்டைகள், அமெரிக்கா கைவிட்டுவிட்டது என்ற மனமுறிவு ஆகியவைதானே காரணம்? இந்தக் காரணங்கள் உண்மையானவை. அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் மனமுறிவு வானத்திலிருந்து இறங்கவில்லை. மலைச்சரிவில் சூழப்பட்ட ஒரு சோதனைச் சாவடியில் இருக்கும் சிப்பாய்க்கு விமானப்படை என்றால் மூன்று பொருள்: தோட்டா வரும், சோறு வரும், காயம்பட்டால் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். சாலைகள் தாலிபான் வசமிருந்த நாட்டில் இவை மூன்றும் ஹெலிகாப்டரில்தான் வந்தாக வேண்டும். பறக்கும் பிளாக் ஹாக்குகள் பாதியாகக் குறைந்த மாதத்திலும் அதற்கடுத்த மாதத்திலும்தான் சாவடிகள் வரிசையாகச் சரணடைந்தன. ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. அரசியலும் பராமரிப்பும் தனித்தனிக் கணக்குகள் என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். வராத ஹெலிகாப்டரே அந்தச் சிப்பாய்க்கு எட்டிய அரசியல் செய்தி.

இன்னொரு ஆட்சேபம், அந்த மக்களால் இதைக் கற்றிருக்க முடியாது என்பது. படிப்பறிவு குறைந்த நாட்டில் ஆங்கிலக் கையேடும் நவீன மின்னணுவியலும் எப்படி வேரூன்றும் என்று கேட்கிறார்கள். எம்ஐ-17 அனுபவமே இதற்குப் பாதி விடை. மீதி விடை ஈரானில் கிடைக்கிறது. மன்னர் ஷாவின் காலத்தில் ஈரான் அமெரிக்காவிடம் 80 எஃப்-14 போர் விமானங்கள் கேட்டு 79 பெற்றது. அன்றைய உலகின் மிகச் சிக்கலான போர் விமானங்களில் ஒன்று அது. அமெரிக்க ஒப்பந்தப் பணியாளர்கள் பெருந்தொகையாக ஈரானில் தங்கிப் பயிற்சியும் பராமரிப்பும் நடத்தினார்கள். 1979 புரட்சியில் எல்லாரும் வெளியேறினார்கள், உதிரிபாகம் நின்றது, அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஈராக் படையெடுத்தது. அந்த விமானங்கள் சில மாதங்களில் முடங்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். அவை எட்டாண்டுப் போர் முழுவதும் பறந்தன. அதற்குப் பிறகும் எண்ணிக்கை தேய்ந்தபடியே பல பத்தாண்டுகள் பறந்தன. காரணம், ஈரான் விமானப்படையில் 'ஹோமாஃபர்' என்று அழைக்கப்பட்ட தொழில்நுட்பர் வகுப்பு. அமெரிக்காவில் பயிற்சி பெற்று, அதிகாரிகளுக்கும் சாதாரணச் சிப்பாய்களுக்கும் நடுவில் வைக்கப்பட்டு, மதிப்புக் குறைவால் மனம் புழுங்கி, 1979 பிப்ரவரியில் தெஹ்ரானின் தோஷான் தப்பே தளத்தில் ஷாவுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் அவர்கள். புதிய ஆட்சியின் களையெடுப்பில் அவர்களும் அடிபட்டார்கள். ஆனாலும் மிஞ்சியவர்களின் கையில் வேலை இருந்தது; ஒரு விமானத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் பாகம் எடுத்தார்கள், கிடைக்காததைக் கடைந்து செய்தார்கள். ஒப்பந்த மெக்கானிக் இரு நாடுகளிலும் இருந்தார், இரு நாடுகளையும் விட்டுப் போனார். போகும்போது தன் வேலை தெரிந்த உள்ளூர் ஆட்களை ஈரானில் விட்டுச்சென்றார், ஆப்கானிஸ்தானில் அதற்கு அவகாசமே தரப்படவில்லை. ஈரானிடம் அமெரிக்க நிதியை நம்பாத எண்ணெய் வருமானம் இருந்தது, தொழிற்கல்வி அமைப்பு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒப்பீடு முழுமையானதல்ல, ஆனால் 'கற்க முடியாது' என்ற வாதத்தை அது உடைக்கிறது.

செலவைப் பற்றிய ஆட்சேபத்தை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். அமெரிக்க நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் 2005இல் ஒரு கணக்குப் போட்டது. ஈராக் போன்ற களங்களில் ஒப்பந்ததாரர் செய்யும் வழங்கல், பராமரிப்பு வேலைகளை இராணுவத்தின் சொந்தப் பிரிவுகளைக் கொண்டு செய்வித்தால், 20 ஆண்டுக் காலத்தில் செலவு ஏறத்தாழ இரு மடங்காகும் என்றது. காரணம் எளிது: படைப்பிரிவைச் சமாதான காலத்திலும் சோறு போட்டு வைத்திருக்க வேண்டும், ஒருவர் களத்தில் இருக்க வேறு சிலர் சுழற்சிக்காகக் காத்திருக்க வேண்டும், ஒப்பந்தக்காரரை வேலை முடிந்ததும் அனுப்பிவிடலாம். கணக்கு நேர்மையானது. ஆனால் அனுப்பிவிடலாம் என்ற அந்த வசதியே அபாயமுமாகும். தேவையில்லாதபோது அனுப்பக்கூடியவர், தேவைப்படும்போது தானே போகவும் கூடியவர். அவர் போனால் அது ஒப்பந்த மீறல். படையைவிட்டு ஓடிய குற்றமாகாது. போர்க்கால ஒப்பந்தங்களை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 2011இல், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை வீணடிப்பிலும் மோசடியிலும் போயிருக்கும் என்று மதிப்பிட்டது. மலிவு என்ற கணக்கில் இதையும் எழுத வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் சொந்தச் சட்டம். தன் படைகளின் பெரும் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஒப்பந்ததாரர்களுக்குப் போகக் கூடாது, அடிப்படையான பழுதுபார்ப்புத் திறன் அரசின் கையிலேயே இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதிக்கிறது. மலிவு மட்டுமே அளவுகோல் என்றால் அந்தச் சட்டம் வேண்டியதில்லை. தனக்கு இவ்வளவு எச்சரிக்கையாக இருந்த நாடு, தான் கட்டியெழுப்பிய படைக்கு அதில் ஒரு துளிகூட வைக்கவில்லை.

அந்த எச்சரிக்கையும் இப்போது தேய்ந்துவருகிறது. இன்றைய போர்க்கருவி அவ்வளவு சிக்கலானது, செய்தவரைத் தவிர வேறு யாராலும் பழுதுபார்க்க முடியாது என்று உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். எஃப்-35 போர் விமானம் இதற்கு நல்ல சோதனைக்களம். அதன் பராமரிப்பு பெருமளவு ஒப்பந்ததாரர்களை நம்பியே வடிவமைக்கப்பட்டது. 2023 மார்ச் நிலவரப்படி அந்த விமானங்களில் சுமார் 55 சதவீதம்தான் பணிக்குத் தயாராக இருந்தன என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. படையின் சொந்தப் பட்டறைகள் உருவாவதில் தாமதம், உதிரிபாகத் தட்டுப்பாடு, போதாத பயிற்சி, தொழில்நுட்பத் தரவு கையில் இல்லாமை என்று காரணங்களையும் அடுக்கியது. கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். விமானத்தைக் காசு கொடுத்து வாங்கிய படைக்கு அதைக் கழற்றிப் பூட்டும் வழிமுறை கிடைக்கவில்லை. சிக்கலான இயந்திரம் என்பது வேறு, பூட்டிவைக்கப்பட்ட இயந்திரம் என்பது வேறு. எல்லே எக்மன் என்ற அமெரிக்க மரைன் அதிகாரி 2019இல் எழுதிய கட்டுரையில், ஜப்பானிலிருந்த மரைன்கள் எஞ்சின்களைப் பெட்டியில் கட்டி அமெரிக்காவிலுள்ள ஒப்பந்ததாரர்களுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்ததை விவரித்தார். ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருந்தது. அங்கே குறைந்தது திறமையோ விருப்பமோ அல்ல, அனுமதி. 2025 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் தரைப்படைக்குப் பிறப்பித்த உத்தரவில், பழைய, புதிய ஒப்பந்தங்களில் பழுதுபார்க்கும் உரிமையைச் சேர்க்கச் சொன்னார். வாங்கும்போது கேட்காமல் விட்டதை வாங்கிய பிறகு கேட்பதால் விலை கூடத்தான் செய்யும்.

மெக்கானிக் என்ற மனிதரையும் இந்த ஏற்பாடு நன்றாக நடத்தவில்லை. சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தில் அவர் குடிமகன். படையோடு செல்ல அனுமதிக்கப்பட்டவர் என்பதால் பிடிபட்டால் போர்க்கைதி அந்தஸ்து உண்டு என்று மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. எறிகணை இந்தப் பாகுபாட்டைப் பார்ப்பதில்லை. 2001க்குப் பிந்தைய போர்களில் அமெரிக்க ஒப்பந்தங்களின் கீழ் வேலை செய்தவர்களில் சுமார் 8,000 பேர் இறந்ததாக பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச்செலவுத் திட்டம் மதிப்பிடுகிறது. பிற நாட்டவரின் மரணங்கள் முழுதாகப் பதிவாவதில்லை என்பதால் இதில் கணிசமான பங்கு ஊகக் கணக்கு. வெளிநாட்டுத் தளங்களில் வேலை செய்வோருக்கு இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம் என்ற அமெரிக்கச் சட்டம் 1941இலிருந்தே இருக்கிறது, எந்த நாட்டவரானாலும் பொருந்தும். ஆனால் துணை ஒப்பந்தத்துக்குத் துணை ஒப்பந்தம் என்று இறங்கிப்போய், வளைகுடா நாடொன்றின் ஆள்பிடி முகவர் வழியாக வந்து சேர்ந்த ஒரு இந்தியருக்கோ நேபாளிக்கோ அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிவதில்லை. அவர் குடும்பத்துக்கு அறவே தெரியாது. படைகள் ஒப்பந்தத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கொடி போர்த்திய பெட்டி இல்லை, நாடாளுமன்றத்தில் கேள்வி இல்லை, துருப்பு எண்ணிக்கையில் கூடுவதும் இல்லை. வேலையைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் படை அந்த மரணங்களையும் தன் கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.

நமக்கு மிக அருகில், மாலத்தீவில், இதே விவகாரம் அண்மையில் மறுபடி அரங்கேறியது. இந்தியா கொடுத்த இரண்டு துருவ் ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிப் பராமரிக்க அங்கே இந்தியப் படையினர் இருந்தார்கள். தீவுகளுக்கிடையே நோயாளிகளைக் கொண்டுசெல்வது முக்கியப் பணி. 2023 நவம்பரில் பதவியேற்ற அதிபர் முகமது முய்சு அவர்கள் வெளியேற வேண்டும் என்றார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2024 மே 10க்குள் படையினர் முழுதாகத் திரும்பினார்கள். அவர்கள் இடத்தில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் குடிமைத் தொழில்நுட்பர்கள் அமர்ந்தார்கள். 1973இன் பாரிஸ் வழி இது. இறையாண்மை மீட்கப்பட்டதாக மாலேயில் கொண்டாடினார்கள். உறவு அறுபடவில்லை என்று டெல்லியில் நிம்மதி அடைந்தார்கள். அடுத்த ஓரிரு நாளில் மாலத்தீவின் பாதுகாப்பு அமைச்சர் கசான் மௌமூன், அந்த மூன்று வான்கலங்களையும் இயக்கும் திறன் பெற்ற விமானி தங்கள் படையில் ஒருவர்கூட இல்லை, பயிற்சி தொடங்கியும் முடிவடையவில்லை என்று செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். ஐந்து லட்சம் மக்கள்தொகைகொண்ட நாட்டால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள முடியாது என்பது நியாயமான வாதம்தான். முழுத் தன்னிறைவை நானும் கேட்கவில்லை. கியர் பாக்ஸ் ஓவர்ஹாலுக்கு பெங்களூரு போகட்டும். தினசரிப் பரிசோதனையும் காலமுறைப் பரிசோதனையும் செய்து கையெழுத்திடச் சில உள்ளூர் மெக்கானிக்குகளை உருவாக்குவது, முதல் ஹெலிகாப்டர் வந்து பத்தாண்டுக்கு மேலான பிறகும் எட்டாத காரியமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

மாலத்தீவில் ஸ்பானரைப் பிடித்திருப்பவர் நாம். வேறு பல இடங்களில் அதற்காகக் கைநீட்டி நிற்பவரும் நாமே. இந்தியப் படைகளுக்கு இன்னும் அரசுப் பட்டறைகள் இருக்கின்றன: சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்பு டிப்போ, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும், நாடெங்கும் தரைப்படையின் தளப் பட்டறைகள். அவற்றில் சீருடையில்லாத அரசுப் பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்க்கிறார்கள். 2021 அக்டோபரில் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாக மாற்றப்பட்டன; கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் ஆவடியிலேயே அமைந்தது. தரைப்படையின் தளப் பட்டறைகளை அரசு உடைமையாக வைத்துக்கொண்டு தனியாரை இயக்கச் செய்யும் திட்டமும், படைச் சீர்திருத்தங்களை ஆராய்ந்த ஷேகட்கர் குழுவின் பரிந்துரையை ஒட்டி, சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இந்த மாற்றங்களைப் பற்றிய விவாதம் இங்கே பெரும்பாலும் வேலைப் பாதுகாப்பு, செயல்திறன் என்ற இரண்டு முனைகளிலேயே நடக்கிறது. இரண்டும் நியாயமான கவலைகளே. இவற்றோடு, பட்டறையை ஏற்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கின்றனவா என்று நாடாளுமன்ற நிலைக்குழு கேட்க வேண்டும்: கையேடுகளும் வரைபடங்களும் மென்பொருளும் ஒப்பந்தம் முடியும் நாளில் யாருக்குச் சொந்தம்; ஒவ்வோர் ஆண்டும் எத்தனை படைத் தொழில்நுட்பர்கள் அந்தப் பட்டறையில் கைவேலை பழகி வெளிவர வேண்டும்; நிறுவனம் திடீரென விலகினால் எத்தனை நாளில் படை அந்த வேலையைத் தன் ஆட்களைக்கொண்டு தொடர முடியும். அதே மூன்றையும், கொடுப்பவர் என்ற இடத்திலிருந்து, மாலத்தீவோடு அடுத்து கையெழுத்திடும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இந்தியா தானாகவே முன்வந்து எழுத வேண்டும்.